மூன்றாம் மாதம் கொட்டும்

ஸ்லேட் ஃபோர்க், மேற்கு வர்ஜீனியா
14 ஏப்ரல் 1974

அன்புத் தங்கை ரீவாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் கர்ட்டிஸும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். சுரங்கத்தில் அவருக்கு இந்த மாதம் பகல் முறை. நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். நீ முடியை வெட்டிக்கொண்டு பஸ் ஏறிய எட்டு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் நாலாவது கடிதம் இது. காரியம் இல்லாமல் அக்கா எழுதமாட்டாள் என்று நினைப்பாய். சரிதான், காரியம் இருக்கிறது.

ஜனவரியில் எனக்கு நிமோனியா வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நூற்றுநாலு காய்ச்சல். பிழைத்து வந்து எல்லாம் சரியாகிவிட்டது என்றிருந்தபோது, இரண்டு வாரமாக முடி கொட்டுகிறது. சீப்பை வைத்தால் கொத்து, தலையணையில் கொத்து, பிசைகிற மாவில்கூட முடி. உச்சி, பக்கம், பின்மண்டை என்று ஓரிடம் பாக்கியில்லை. ரொட்டி அளவு இருந்த கொண்டை எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிட்டது.

நம் சபை உனக்குத் தெரியும். கத்தரிக்கோல் படாத கூந்தல்தான் பெண்ணுக்கு மகிமை. பதினாறு வருஷமாக முன் பெஞ்சில் நின்று பாட்டை எடுத்துக் கொடுப்பவள் நான். சொட்டைத் தலையோடு எப்படி நிற்பேன்? பாஸ்டரம்மா ஓபலிடம் சொன்னேன். அவள் என் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாவம் எதையாவது ஒளிச்சு வச்சிருந்தா அறிக்கை பண்ணிரு ஆர்டித், நின்னுரும்" என்றாள்.

நீ வேலை பார்ப்பது தோல் டாக்டரிடம்தானே? அவரிடம் கேட்டு எழுது. போன் பண்ணாதே. நாலு வீட்டுக்கு ஒரே லைன், ஓபல் எடுத்துக் கேட்பாள்.

உன் அக்கா,
ஆர்டித்

-

ஏக்ரன், ஒகையோ
27 ஏப்ரல் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உனக்குக் காய்ச்சல் என்று ஜனவரியிலேயே ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. போகட்டும்.

டாக்டரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "உங்க அக்காவுக்குச் சொட்டை விழாது, பயப்பட வேண்டாம்" என்றார். உடம்புக்குப் பெரிய அடி விழுந்தால் முடி வளர்வதை நிறுத்திவிட்டு மொத்தமாகத் தூங்கப் போய்விடுமாம். தூங்கும் முடி உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சேர்ந்தாற்போல் கொட்டும். அதனால்தான் யாருக்கும் காரணம் ஞாபகம் வருவதில்லை. கடுங்காய்ச்சல், பிரசவம், வயிற்று ஆபரேஷன், பட்டினி, இதில் எதற்குப் பிறகும் வரும். மெலிய வேண்டுமென்று ஒரு மாதம் வெறும் சூப்பைக் குடித்துவிட்டு, மூன்றாம் மாதம் முடியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு எத்தனை பேர் அழுதுகொண்டு வருகிறார்கள் தெரியுமா?

மருந்து கிடையாது. தைலம் விற்பவனிடம் ஏமாறாதே. இரத்தத்தில் இரும்பு குறைந்திருக்கிறதா, கழுத்துச் சுரப்பி சரியாக இருக்கிறதா என்று ஒரு சோதனை பார்த்துக்கொள். முட்டை, ஈரல், இறைச்சி சாப்பிடு. தானாக நிற்கும், தானாக முளைக்கும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகும்.

கர்ட்டிஸை விசாரித்ததாகச் சொல்.

ரீவா

-

ஸ்லேட் ஃபோர்க்
2 செப்டம்பர் 1974

அன்பு ரீவா,

உடம்பு தேவலை. மனசுதான் வெந்துகொண்டிருக்கிறது.

டாக்டர் சொன்னபடியே ஜூலையில் கொட்டுவது நின்றது. நெற்றியோரத்திலும் வகிட்டிலும் சின்ன முடி முளைத்து, வாரினாலும் படியாமல் குத்திட்டு நிற்கிறது. கண்ணாடியைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னேன். அந்த ஸ்தோத்திரத்துக்குக் கிடைத்த கூலியைக் கேள்.

நேற்று ஆராதனையில் பாட்டை ஆரம்பிக்க எழுந்தேன். ஓபல் என் பக்கத்தில் வந்து நின்று, எல்லாரும் பார்க்க என் நெற்றியை விரலால் தொட்டாள். "என்ன இது, முன்முடிய வெட்டியிருக்க?" என்றாள். வெட்டவில்லை, முளைக்கிறது என்றேன். "முடி முன்னால மட்டும் குட்டையா முளைக்குமா? யாருக்கிட்ட கதை விடுற? தங்கச்சி வெட்டிட்டு ஊர விட்டுப் போனா. அக்கா வெட்டிட்டு முன் பெஞ்சுல நிக்கிறா." அறுபது பேரும் என் நெற்றியை எட்டிப் பார்த்தார்கள். கட்டின புருஷன் கர்ட்டிஸ் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்டர் எஸ்டில் பெண்டாட்டி சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவர். நான் அறிக்கை பண்ணும் வரை பின் பெஞ்சில் உட்கார வேண்டும், பாடக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

செய்யாததை எப்படி அறிக்கை பண்ணுவது? கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். நோலா மட்டும், அந்தப் பத்தொன்பது வயதுப் பெண், எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பிள்ளை.

ஓபலை நான் விடப்போவதில்லை ரீவா. என்னை உட்கார வைத்த அதே பலகையில் அவள் உட்கார்ந்து நான் பார்க்க வேண்டும். அதுவரை எனக்குச் சோறு தண்ணீர் இறங்காது.

உன் ஆர்டித்

-

ஏக்ரன்
15 செப்டம்பர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

முளைக்கிற முடிக்கும் வெட்டின முடிக்கும் வித்தியாசம் உண்டு. வெட்டினது நுனியில் மொட்டையாக இருக்கும். முளைத்தது ஊசி மாதிரி மெலிந்திருக்கும். ஒரு பூதக்கண்ணாடி போதும். வேண்டுமானால் டாக்டரிடம் கடிதம் வாங்கி அனுப்புகிறேன்.

அந்தக் கடைசி பெஞ்சு எனக்கும் தெரியும். ஒருத்தியை அங்கே போக வைக்கும்போது முன்னால் யார் பாடிக்கொண்டிருப்பார்கள் என்பதும் தெரியும்.

ரீவா

-

ஸ்லேட் ஃபோர்க்
20 அக்டோபர் 1974

அன்பு ரீவா,

இருவரும் நலம். உன் நலம் நாடுகிறேன்.

டாக்டர் கடிதம் இப்போது வேண்டாம். கடிதத்தைக் காட்டினால் என்ன ஆகும்? "தெரியாமச் சொல்லிட்டேன்" என்று ஓபல் கண்ணைத் துடைப்பாள், எல்லாரும் அவளைக் கட்டிப்பிடிப்பார்கள், பாடு முழுக்க என்னுடையது. ஏழு வாரமாக வாயை மூடிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். என் பாட்டை அவள் எடுத்துக் கொடுக்கிறாள், சுருதி தப்பி. பீன்ஸ் வேகும் சத்தம் அதைவிட இனிமை.

வேறொன்று கேட்கிறேன். சூப்புக் குடித்த பெண்களைப் பற்றி எழுதியிருந்தாய். எத்தனை நாள் பட்டினி கிடந்தால் முடி கொட்டும்? தினம் ஒரு துண்டு சோளரொட்டி தின்றாலும் கொட்டுமா? தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறேன்.

ஓபல் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கொண்டையும் முழுசாக இருக்கிறது. இப்போதைக்கு.

ஆர்டித்

-

ஏக்ரன்
5 ஜனவரி 1975

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. பதில் எழுத இரண்டரை மாதம் ஆகிவிட்டது. இங்கே எல்லாருக்கும் சளி. அதனால் மட்டும் தாமதமாகவில்லை.

நான்கு வாரத்துக்கு மேல் சாறும் தண்ணீருமாக இருந்தால் பெரும்பாலோருக்குக் கொட்டும். நாற்பது நாள் என்றால் அநேகமாகத் தப்பாது. ஒரு துண்டு ரொட்டி காப்பாற்றாது. நிறுத்தின இரண்டாம் மூன்றாம் மாதம் தெரியும்.

ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. ஓபல் மேல் உனக்கு இருக்கும் கோபம் எட்டு வருஷமாக எனக்கும் இருக்கிறது. என் கதையை நீ கேட்டால் சொல்வேன்.

ரீவா

-

ஸ்லேட் ஃபோர்க்
11 பிப்ரவரி 1975

அன்பு ரீவா,

கர்த்தர் நல்லவர். நான் சுகத்திலும் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்தேன். பாடத்தான் தடை, சாட்சி சொல்லத் தடையில்லை. சபையில் எழுந்து நின்று ஆவியில் சொன்ன வார்த்தையை யாரும் தட்டக் கூடாது என்பது உனக்கு மறந்திருக்காது. ஈஸ்டர் எழுப்புதல் கூட்டம் வருகிறது, நம் பெண்கள் நாற்பது நாள் உபவாசம் இருக்க வேண்டும் என்று என் இருதயத்தில் பாரம் இருக்கிறது என்றேன். காலையில் எலும்புச் சாறு, சாயங்காலம் ஒரு துண்டு சோளரொட்டி. "பாஸ்டரம்மா முன்னால நடக்கட்டும், பின் பெஞ்சுக்காரி நான் பின்னால வர்றேன்" என்று சொல்லி உட்கார்ந்தேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். ஓபல் முகத்தில் ஈயாடவில்லை. வெண்ணெய் தடவிய பன்னில் பன்றிக்கறிக் குழம்பை ஊற்றித் தின்பவள் அவள். மறுக்க முடியுமா? பாஸ்டர் பெண்டாட்டி ஆயிற்றே. எழுந்து கையை உயர்த்தினாள். திங்கள் முதல் பதினொரு பெண்கள்.

மூன்றாம் மாதம் கொண்டை போகும். இலையுதிர் காலத்தில் அவள் நெற்றியிலும் சின்ன முடி குத்திட்டு நிற்கும். அன்றைக்கு நான் எழுந்து போய் விரலால் தொடுவேன். அவள் எனக்கு அளந்த படியாலேயே அவளுக்கு அளப்பேன்.

எனக்கு டப்பா மீன், டப்பா இறைச்சி அனுப்பு. இங்கே கடையில் வாங்கினால் கதை கந்தலாகிவிடும். பார்சல் மேல் துணி என்று எழுது. முட்டைக்குக் கவலையில்லை, கோழிகளுக்கு வாயில்லை.

நோலாவும் கையை உயர்த்திவிட்டாள். ஆகஸ்டில் அவளுக்குக் கல்யாணம். நீ வேண்டாம், ஒல்லியாக இருக்கிறாய் என்றேன். "நீங்க இருக்கும்போது நான் இல்லாம எப்படிக்கா? நீங்கதானே சொன்னீங்க" என்று சிரிக்கிறாள். அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

ஆர்டித்

-

ஏக்ரன்
24 பிப்ரவரி 1975

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பார்சல் அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டு டப்பா.

நோலாவை நிறுத்து. காரணம் எதையாவது சொல். உண்மையைச் சொன்னாலும் சரி. ஓபலுக்கு வர வேண்டியது அந்தப் பெண்ணுக்கு ஏன் வர வேண்டும்? கல்யாணத்துக்கு நிற்கிறவள். பதில் உடனே எழுது.

ரீவா

-

ஸ்லேட் ஃபோர்க்
15 ஜூன் 1975

அன்பு ரீவா,

எல்லாரும் சுகம். பதில் எழுத நேரமில்லை, மன்னித்துக்கொள். டப்பாக்கள் பத்திரமாக வந்தன. சால்மன் நன்றாக இருந்தது.

கொட்டுகிறது ரீவா! மே கடைசியில் ஆரம்பித்தது. ஓபலின் வகிடு விரல் அகலம். துண்டை வைத்துக் கொண்டையைப் பெரிசாகக் காட்டுகிறாள். பாடும்போது கை தன்னாலே தலைக்குப் போகிறது. நான் பின்னால் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்க்கிறேன். என் முடி இப்போது அடர்ந்துவிட்டது, புதுசெல்லாம் காதுக்குக் கீழே வந்துவிட்டது. எண்ணெய் தடவி வாரிக்கொண்டுதான் போகிறேன்.

ஆனால் பதினொரு பெண்களில் பத்துப் பேருக்கும் கொட்டிவிட்டது. அங்கேதான் சிக்கல். ஓபலுக்கு மட்டும் என்றால் அவள் பாவத்தின் பலன் என்று சொல்லிவிடலாம். பத்துப் பேருக்கு என்றவுடன் அவள் கூட்டத்தில் நின்று, "நம்ம நடுவுல ஒருத்தி பாவத்த ஒளிச்சு வச்சிருக்கா. அவளுக்காக எல்லாரும் அடி வாங்குறோம்" என்கிறாள். கண் என் மேல். வெட்டினதை அறிக்கை பண்ணாதவள் நான்தானாம். ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்குள் அறிக்கை பண்ணாவிட்டால் சபைப் புத்தகத்திலிருந்து என் பெயரை அடித்துவிடுவார்களாம். எங்கள் கல்யாணம் நடந்த சபை. அம்மாவை அடக்கம் பண்ணின சபை. பெயர் போனால் இந்தப் பள்ளத்தாக்கில் என் வீட்டுப் படியை ஒருவரும் மிதிக்கமாட்டார்கள். கர்ட்டிஸ் என்னோடு பேசிப் பத்து நாளாகிறது.

இனி இலையுதிர் காலம் வரை காத்திருக்க முடியாது. டாக்டர் கடிதம் அனுப்பு. காய்ச்சலுக்குப் பிறகு முடி கொட்டும், முளைக்கும், வெட்டினதில்லை என்று தெளிவாக எழுதச் சொல். ஓபல் பொய்ச்சாட்சி சொன்னாள் என்று அவள் புருஷன் வாயாலேயே வாசிக்க வைத்து, அவளைப் பின் பெஞ்சில் தள்ளுகிறேன்.

நோலாவுக்கும் நிறையக் கொட்டிவிட்டது. எல்லாரையும்விட அவளுக்குத்தான் அதிகம். கல்யாண உடைக்குத் தலையில் துணி கட்டிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறாள். முளைத்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆர்டித்

-

ஏக்ரன்
19 ஜூலை 1975

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இதோடு டாக்டர் கடிதம் இருக்கிறது. உறை பாஸ்டர் எஸ்டில் பெயருக்கு, முத்திரை வைத்து ஒட்டியிருக்கிறது. நீ பிரிக்காதே. பிரித்த கடிதத்தை உங்கள் சபை நம்பாது. அக்காளும் தங்கையும் சேர்ந்து எழுதினது என்பார்கள். எல்லார் முன்னாலும் அவர் கையில் கொடு, அவரே பிரித்து வாசிக்கட்டும்.

காய்ச்சலைப் பற்றி, புது முடியின் நுனியைப் பற்றி நீ கேட்டதெல்லாம் எழுதியிருக்கிறார். நீ வெட்டவில்லை என்பது நிச்சயமாகத் தெரிந்துவிடும்.

என்னிடம் கேட்பதற்கு உனக்கு வேறொன்றும் இல்லையா?

ரீவா

-

ஸ்லேட் ஃபோர்க்
4 ஆகஸ்ட் 1975

ரீவா,

நான் சுகமாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் நிலையிலும் இல்லை.

நேற்று உறையைக் கொண்டுபோய் பாஸ்டர் கையில் கொடுத்தேன். கூந்தலைப் பிரித்துவிட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று முன்னால் நின்றேன். அவர் பிரித்து உரக்க வாசித்தார். கடுங்காய்ச்சல் வந்தால் கொட்டும் என்று இருந்தது. முளைக்கும் முடி வெட்டினது போலவே தெரியும், நுனிதான் ஊசி மாதிரி இருக்கும் என்று இருந்தது. பூதக்கண்ணாடி கொண்டுவந்து பார்த்தார்கள், ஊசி நுனி. எனக்கு ஆனந்தத்தில் கால் நிலத்தில் பாவவில்லை. ஓபல் பக்கம் திரும்பினேன்.

அவர் நிறுத்தவில்லை. அடுத்த வரி இருந்தது. நாற்பது நாள் உண்மையாகப் பட்டினி கிடந்தவர்களுக்கும் மூன்றாம் மாதம் இப்படியே கொட்டும், அது நோய் அல்ல, தண்டனையும் அல்ல, பட்டினிக்குச் சாட்சி, கொட்டாமல் இருப்பது அபூர்வம்.

பெஞ்சு பெஞ்சாக உபவாசம் இருந்த பெண்களின் தலைகள், எல்லாவற்றிலும் அகல வகிடு. பிறகு எல்லாரும் என் முடியைப் பார்த்தார்கள். நோலா தலையில் கட்டிய துணியோடு எழுந்தாள்.

"அக்கா, உங்களுக்கு மட்டும் ஏன் கொட்டல?"

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை ரீவா. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். ஆராதனை வீட்டில் நின்று பொய் சொல்ல எனக்கு நா எழவில்லை. சாப்பிட்டேன் என்றேன். முதல் நாளிலிருந்தா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொட்டும் என்று தெரியுமா என்று கேட்டாள். அதற்கு நான் தலையைக் குனிந்து, அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டேன்.

ஓபல் எழுந்து வந்தாள். அறைவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து, "நீ வெட்டல. நான் தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சிரு" என்று எல்லாரும் கேட்க அழுதாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு பாஸ்டர் புத்தகத்தை எடுத்து என் பெயரை அடித்தார். நோலா கல்யாணத்துக்கு என்னை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். கர்ட்டிஸ் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். ஒட்டுவதற்கு முன் அந்தக் கடிதத்தை நீ படித்தாயா?

உன்னிடம் வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா?

ஆர்டித்

-

ஏக்ரன்
20 ஆகஸ்ட் 1975

அக்கா,

படித்தேன். நோயாளி யார் பெயரும் சொல்லாமல், பட்டினியைப் பற்றியும் எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டதே நான்தான். அவர் எழுதினதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

அறுபத்தாறு மார்ச்சில் எனக்குக் குடல்வால் வெடித்து வயிற்றைக் கிழித்தார்கள். நீதான் பக்கத்தில் இருந்தாய். ஜூனில் என் முடி கொட்டியது. நவம்பரில் நெற்றியில் சின்ன முடி நின்றது. ஓபல் விரலால் தொட்டாள். உன்னைக் கேட்டாள். நீ, "அவ டிராயர்ல கத்தரிக்கோல் பாத்தேன்" என்றாய். அது தையல் கத்தரிக்கோல். அதில் நீயும் துணி வெட்டியிருக்கிறாய். நான் வெளியே நடந்தபோது பாட்டை எடுத்துக் கொடுத்தது நீ. என் தலையில் முதல் தடவை கத்தரிக்கோல் பட்டது ஏக்ரன் பஸ் நிலையக் கழிப்பறையில். எனக்கும் அன்று ஒன்றும் தெரியாது. நானே என்னைப் பாவி என்று நினைத்துக்கொண்டுதான் வெட்டினேன். இந்த டாக்டரிடம் வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

போன வருஷம் ஏப்ரலில் உனக்கு எல்லாக் காரணங்களையும் எழுதினேன். ஆபரேஷன் என்றும் எழுதினேன். செப்டம்பரில் உன் நெற்றியிலும் அதே முடி, அதே விரல். இப்போதாவது கேட்பாய் என்று தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு மாதம், ஆறு கடிதம். 'ரீவா, உனக்கும் அப்படித்தானா?' என்று ஒரு வரி வந்திருந்தால் போதும், அந்தப் பட்டினி வரி டாக்டர் கடிதத்தில் இருந்திருக்காது. நீ டப்பா மீன் கேட்டாய்.

நோலா விஷயத்தில் எனக்கும் பங்கு உண்டு. அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்: இறைச்சி சாப்பிடு, அடுத்த ஈஸ்டருக்குள் அடர்ந்துவிடும், யாரையும் எதற்காகவும் பின்பற்றாதே என்று.

நீ கேட்டதற்குப் பதில். நானும் வெட்டவில்லை அக்கா. இங்கே வராதே.

ரீவா